வில் செய்பவருக்குத் தூக்கிச் செல்லும் வேலைமேசை: பாரம் எங்கே இருக்க வேண்டும்?

2024 மே 11

திருகோணமலை உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு தம்பியின் கேள்வி:

"வாடகை வீட்டில் இருக்கிறேன். மர வில் செய்யப் பழகுகிறேன். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். ஹாட்வெயார் கடையில் மடிக்கிற வேலைமேசை ஒன்று பார்த்தேன், மேல் பலகை இரண்டையும் திருகி நெருக்கலாம். அது போதும் என்று நினைக்கிறேன். ஆயுதங்களை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வைப்பேன். வேறு ஏதும் வேண்டுமா?"

போதாது தம்பி. அந்த மேசை கூடாது என்று நான் சொல்லவில்லை. பலகை அறுக்க, துளை போட, பெயின்ட் அடிக்க அது நல்ல மேசை. வில் வேலை வேறு மாதிரி. வில்தடியில் பாதி வேலை இழுவைக் கத்தியால் நடக்கிறது. இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தி, நெஞ்சை நோக்கி இழுத்துச் சீவுவது. தடியை இழுக்கிற ஒவ்வொரு தரமும் மேசையையும் சேர்த்துத்தான் இழுக்கிறீர்கள். பத்துக் கிலோ மேசை உங்கள் பக்கம் நகர்ந்துகொண்டே வரும். அதை முழங்காலால் தள்ளிப் பிடித்தபடி கூரான கத்தியை இழுப்பது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்லத் தேவையில்லை.

நிரந்தரப் பட்டறையில் இந்தப் பிரச்சினையே இல்லை, மேசை அவ்வளவு பாரம். தூக்கிச் செல்கிற மேசையைப் பாரமாகச் செய்ய முடியாது. ஆனால் ஆயுதங்கள் எப்படியும் பாரம்தான், அவற்றையும் எப்படியும் தூக்கத்தான் போகிறீர்கள். ஆகவே நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது ஒன்றுதான்: மேசையை இலேசாகச் செய்யுங்கள், ஆயுதப் பெட்டியை அதன் கால்களுக்கிடையில், கீழ்ப்பலகையில் உட்கார வையுங்கள். தூக்கும்போது இரண்டும் வேறு வேறு சாமான். வேலை செய்யும்போது ஒரே சாமான். மேசையை இன்றைக்கும் பெட்டியை அடுத்த மாதமும் யோசித்தால் அளவுகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

மே 12

பாரம் கேட்டிருந்தீர்கள். என் மேசை 18 கிலோ அளவு. பெட்டி நிரம்பினால் 20 கிலோவுக்குக் கிட்ட. இரண்டும் சேர்ந்தால் சீமெந்துத் தரையில் இழுவைக் கத்திக்கு அசையாது. டைல்ஸ் தரை என்றால் வழுக்கும். காலடியில் பழைய சைக்கிள் டயர்த் துண்டை ஒட்டுங்கள், நிற்கும்.

மே 19

உயரம். தச்சு மேசைக்கு வழமையாகச் சொல்கிற உயரம், கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டி தொடுகிற இடம். சீவுளி தள்ளுவதற்கு அது சரி, ஏனென்றால் அங்கே உடம்புப் பாரம் மேலிருந்து இறங்க வேண்டும். வில்லில் சீவுளிக்கு வேலை குறைவு. இழுவைக் கத்தி, மர அரம், சுரண்டுதகடு இவைதான் அதிகம். இவற்றுக்கு முழங்கை உயரம் வேண்டும், அல்லது அதிலிருந்து ஓரிரு அங்குலம் கீழே. கண்ணும் தடிக்குக் கிட்ட இருக்கும், நார் ஓடுகிற திசை தெரியும், முதுகும் நோகாது. எனக்கு 40 அங்குலம் சரியாக வந்தது. உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் முழங்கையை அளந்து பாருங்கள்.

உயரம் கூடக் கூட மேசை சரியப் பார்க்கும். அதனால் கால்கள் நேராக இறங்கக் கூடாது, நான்கு பக்கமும் விரிந்து நிற்க வேண்டும். மேலே அகலம் 6 அங்குலம் போதும், தரையில் கால்களின் இடைவெளி 24 அங்குலமாவது இருக்கட்டும். நீளவாக்கில் இன்னும் கூடுதலாக விரியுங்கள், இழுவை அந்தத் திசையில்தான் வருகிறது.

மேலே ஏன் இவ்வளவு ஒடுக்கம் என்று கேட்பீர்கள். வில் ஒன்றரை அங்குல, இரண்டு அங்குல அகலச் சாமான். இரண்டு விளிம்பையும் தொட வேண்டும், முதுகையும் (எய்கிறவருக்கு அப்பால் பார்க்கிற பக்கம்) வயிற்றையும் (எய்கிறவரைப் பார்க்கிற பக்கம்) மாறி மாறிப் புரட்ட வேண்டும். அகல மேசையில் வைத்தால் கத்தியின் பிடி பலகையில் இடிக்கும், கை விரலும் இடிக்கும். வில்காரருக்கு வேண்டியது மேசை கூட அல்ல, கால் வைத்த ஒரு வளை, அதாவது நீண்ட ஒடுங்கிய சட்டம்.

மே 20

நீளம் எழுத விட்டுப்போயிற்று. 4 அடி. 6 அடித் தடிக்கு 4 அடி எப்படிக் காணும் என்று பயப்பட வேண்டாம். ஒரு நேரத்தில் வில்லின் ஒரு பாதியில்தான் வேலை. பிடிப் பகுதியை மேசையில் இறுக்கினால் மற்றப் பாதி நுனிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அதுதான் வசதி. நுனி அதிர்ந்தால் அடியில் ஒரு கவைக்கம்பைத் தாங்கு கொடுங்கள். 4 அடி என்றால் ஓட்டோவின் பின் சீற்றில் கால் வைக்கிற இடத்தில் குறுக்கே சரித்து வைக்கலாம். 5 அடி வெளியே நீட்டும், ஓட்டோக்காரர் முகம் சுளிப்பார்.

மே 27

தடியை எப்படிப் பிடிப்பது? இதைத்தான் பலரும் பிறகு பார்ப்போம் என்று விடுகிறார்கள். எனக்கு இதுதான் மேசையின் உயிர்.

இரும்பு வைஸ் (திருகி இறுக்குகிற பிடிகருவி) வைக்கலாம். 4 அங்குல வைஸ் பாரமும் தரும். தாடைகளின் பல் மரத்தைக் கடிக்கும் என்பதால் உள்ளே மரத்துண்டு வைத்து, அதன் மேல் சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்ட வேண்டும். வில்லின் முதுகில் ஒரு சின்னக் கடி விழுந்தாலும் வளைக்கும்போது அந்த இடத்தில் நார் கிளம்பும். முதுகுதான் இழுபடுகிற பக்கம், அங்கே ஒரு நார் அறுந்தால் முழு வில்லும் போகலாம்.

ஆனால் நான் வைஸைவிட மிதிகயிற்றை விரும்புகிறேன். வளையில் இரண்டு துளை. தடிக்கு மேலால் ஒரு தடித்த கயிறு, இரண்டு முனையும் துளைகளுக்குள்ளால் இறங்கிக் கீழே ஒரு மிதிபலகையில் கட்டப்பட்டிருக்கும். மிதித்தால் தடி இறுகும், காலை எடுத்தால் தடி கழரும். திருகு இல்லை, தாடை இல்லை. சீவுகிறீர்கள், காலை எடுத்துத் தடியைப் புரட்டுகிறீர்கள், மறுபடி மிதிக்கிறீர்கள். வைஸில் ஒவ்வொரு தரமும் திருகிக் கழற்றி இறுக்குகிற நேரம் முழுக்க மிச்சம்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் மிதிக்கிற பாரம் கயிறு வழியாக வளையின் மேல்தான் இறங்குகிறது. தடியைப் பிடிக்கிற அதே கால் மேசையையும் தரையோடு அழுத்துகிறது. கத்தியைப் பலமாக இழுக்கிற நேரம் கால் தானாகவே இன்னும் அழுத்தி மிதிக்கும், மேசையும் அவ்வளவுக்கு உறுதியாக நிற்கும். நடக்கிற மேசைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

அரம் போடவும் நுண்மையாகச் சுரண்டவும் வைஸ்தான் வசதி, நீண்ட நேரம் காலை ஊன்றி நிற்க முடியாது. இரண்டும் வையுங்கள், ஒன்று இந்த நுனியில், மற்றது அந்த நுனியில்.

ஜூன் 3

மேசைக்கு என்ன மரம்? உடைக்கிற பழைய வீட்டு நிலைச்சட்டம் கிடைத்தால் விடாதீர்கள். பெரும்பாலும் முதிரை அல்லது பாலை. பல வருடம் காய்ந்தது, இனி முறுகாது. வளைக்கு அது. கால்களுக்குத் தேக்கு வெட்டுத்துண்டுகள் மரக்காலையில் மலிவாகக் கிடைக்கும், இலேசாகவும் இருக்கும். பனஞ்சிலாகை வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வெளிப்பக்கத்துக் கறுப்பு நார் இரும்பு மாதிரித்தான், ஆனால் உட்பக்கம் மென்மை, திருகாணி பிடிக்காது. விளிம்பில் கிளம்புகிற சிராய் கைக்குள் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. கையால் தடவிக்கொண்டே வேலை செய்கிற மேசைக்கு அது வேண்டாம்.

முதிரை அறுக்கும்போது மூக்கையும் கையையும் மூடுங்கள். அதன் தூள் பலருக்குத் தோலில் கடியையும் சிவப்பையும் கொண்டுவரும்.

ஜூன் 4

மரம் பற்றித் தொடங்கியதால் வில்லுக்குரிய மரத்துக்கும் வருகிறேன். நேற்று இரவு அதைத்தான் யோசித்துக்கொண்டு படுத்தேன்.

வெளிநாட்டுக்காரர் எழுதுவதைப் படித்தால் யூ மரம், ஒசேஜ் மரம் இல்லாமல் வில் இல்லை என்று தோன்றும். 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட முழு விற்கள் இருந்தன, யூ மரத்தில் செய்தவை. நீரில் அத்தனை நூற்றாண்டு கிடந்தும் வடிவம் கெடவில்லை. பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்மிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு மரம் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. சவண்டலை, சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேயர் அதைத் திருகோணமலை மரம் என்றுதான் அழைத்தார்கள். இங்கிருந்து கப்பலேறிச் சென்னைக்குப் போய் அங்கே அலைக்குள் இறங்குகிற மசூலாப் படகுகளுக்குப் பலகையாயிற்று. பீப்பாய்க்கும் வண்டிக்கும் அதுதான் போயிற்று. அலை அடித்தால் முறியாமல் வளைந்து கொடுக்கிற மரம் என்பதற்காகத் தேடி வாங்கினார்கள். அந்தக் குணம்தானே வில்லுக்கும் வேண்டியது! என் கையில் நல்லபடி இருக்கிற விற்களில் அதிகம் சவண்டலைதான்.

ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டும். குளிர்நாட்டு மரத்தில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும், ஒரே வளையத்தைப் பின்பற்றி முதுகைச் சீவச் சொல்வார்கள். நம் மரங்கள் பலவற்றில் வளையம் அப்படித் தெரியாது. நாம் நாரைத்தான் பின்பற்ற வேண்டும். பிளந்து எடுத்த தடி என்றால் நார் போகிற வழியைப் பிளவே காட்டிவிடும். மரக்காலையில் அறுத்த பலகை வாங்கினால் நார் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஓடுகிறதா, நடுவில் விளிம்புக்கு வெளியே ஓடிப்போகிறதா என்று வெயிலில் சரித்துப் பாருங்கள். வெளியே ஓடினால் அது கதவுக்கு நல்லது, வில்லுக்கு வேண்டாம். பில்லை வாங்கி வையுங்கள். அனுமதி இல்லாமல் வெட்டிய மரம் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

மூதூர், வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் ஊர்களில் வில் பற்றித் தெரிந்த முதியவர் யாராவது இருந்தால் போய்க் கேளுங்கள். எந்த மரத்தை எந்த மாதம் வெட்டுவது என்பதை அப்படிப்பட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும். நம் மொழியிலேயே கேட்கலாம்.

ஜூன் 16

மேசைக்குத் திரும்புவோம். மூட்டுகள். ஆணி, திருகாணி வேண்டாம், கழற்றிப் பூட்டப் பூட்டத் துளை பெருக்கும். குறுக்குச்சட்டம் காலுக்குள்ளால் வெளியே வர வேண்டும். வெளியே வந்த கழுந்தில் (சட்டத்தின் ஒடுங்கிய நுனியில்) ஒரு துளை, அந்தத் துளையில் ஓர் ஆப்பு. கொட்டாப்புளியால் இரண்டு தட்டு, பூட்டியாயிற்று. எதிர்ப்பக்கம் இரண்டு தட்டு, கழன்றுவிட்டது. ஸ்பானர் தேட வேண்டியதில்லை.

ஆப்பின் சரிவு மெல்லியதாக இருக்கட்டும், 8 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம். சரிவு கூடினால் அதிர்ச்சியில் தானாக எழும்பி வரும்.

ஜூலை 8

கச்சான் பலமாக அடிக்கிறது. தென்மேல் காற்று மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வறண்டு சூடாகி எங்கள் பக்கம் இறங்குகிற காலம். மேசை பூட்டினவர்கள் ஆப்புகளைப் பாருங்கள், இளகியிருக்கும். மரம் சுருங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை. ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மாரி வந்ததும் இதே ஆப்பு ஊதி இறுகும், கழற்றுவது கஷ்டமாகும். அதனால் இப்போதே ஆப்பில் கொஞ்சம் மெழுகு தேய்த்துவிடுங்கள்.

இந்தக் காற்று வில்தடிக்குப் பெரிய வரம். காற்றின் ஈரப்பதம் 50 வீதம் என்றால் மரத்துக்குள் நிற்கிற ஈரம் 9 வீதம் அளவு. 80 வீதம் என்றால் 15, 16 வரை ஏறும். ஈரமான மரத்தில் வில் செய்தால் நாணைக் கழற்றிய பிறகும் அது வளைந்தபடியே நிற்கும், அம்பும் சோர்ந்து போகும். தடி காய்ந்ததா என்று பார்க்க மெஷின் தேவையில்லை. சமையலறைத் தராசில் வாராவாரம் நிறுத்துப் பென்சிலால் தடியிலேயே எழுதுங்கள். எடை குறைவது நின்றால் வெளிக்காற்றோடு அது சமமாகிவிட்டது. கச்சானில் சமமானது வேலைக்குத் தயார். மார்கழியில் சமமானது தயாரில்லை.

வெயிலில் நேரே போடாதீர்கள், வெடிக்கும். நிழலில், காற்று போகிற இடத்தில், இரண்டு நுனிக்கும் பெயின்டோ பசையோ பூசி வையுங்கள்.

ஜூலை 9

"மேசைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர். சம்பந்தம் இருக்கிறது. வேலை நடக்கிற இடத்தில்தான் தடி இருக்க வேண்டும், மேசையை எங்கே போடுகிறீர்களோ அந்தக் காற்றுத்தான் தடிக்கும். கடற்கரையோரம் மேசை போட்டு வேலை செய்வது ஆசையாக இருக்கும். காலுக்கடியில் பலகை வைக்காவிட்டால் மணலில் புதையும், அது சின்னக் காரியம். உப்புக்காற்று ஆயுதத்தில் ஏறும், அது பெரிய காரியம். விறாந்தையில் போடுங்கள்.

ஆகஸ்ட் 18

வளைவு பார்க்கிற கம்பம். சுவரில் ஆணி அடிக்க முடியாத தம்பிக்காக இதை நீட்டி எழுதுகிறேன்.

வில்லைச் செதுக்கி முடித்ததும் இரண்டு பாதியும் சமமாக வளைகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிடியை உயரத்தில் ஒரு கவையில் வைத்து, நாணைக் கயிற்றால் கீழ்நோக்கி இழுத்து, தூர நின்று பார்க்கிறோம். வழமையாக இது சுவரில் இருக்கும். நான் இதை மேசையின் ஒரு பக்கத்துக் காலோடு சேர்த்துப் பூட்டுகிறேன். 6 அடி உயரச் சட்டம், இரண்டு போல்ட், மேலே தோல் போட்ட கவை, அடியில் தரையோடு ஒட்டி ஒரு கப்பி. நாணிலிருந்து கயிறு இறங்கிக் கப்பியைச் சுற்றி உங்களிடம் வருகிறது. நாணுக்கும் கயிற்றுக்கும் இடையில் பயணப்பெட்டி நிறுக்கிற தொங்குதராசு.

கப்பி ஏன் தரையோடு ஒட்டி இருக்க வேண்டும்? வில் எவ்வளவு பலமாக இழுத்தாலும் மேலிருந்து கீழான அந்த இழுவை முழுவதையும் கவைக்கும் கப்பிக்கும் இடையில் கம்பமே தாங்கிக்கொள்ளும். மேசைக்கு வெளியிலிருந்து வருவது நீங்கள் பக்கவாட்டில் இழுக்கிற பலம் மட்டும். அது தரைமட்டத்தில் வந்தால் மேசை சரியாது, நகர மட்டும் பார்க்கும். கப்பியை இடுப்பு உயரத்தில் வைத்தால் மேசை உங்கள் மேல் சாயும். 40 இறாத்தல் வில் (முழுதாக இழுக்க அவ்வளவு பலம் வேண்டும்) என்றால் 18 கிலோ இழுவை. மேசையும் பெட்டியும் சேர்ந்து 38 கிலோ. டயர்த் துண்டு ஒட்டியிருந்தால் பெரும்பாலும் நிற்கும். இருந்தாலும் நிச்சயத்துக்காக உங்கள் பக்கத்துக் காலை வாசற்படியில் அல்லது ஒரு தூணில் முட்டக் கொடுங்கள். முற்றத்தில் என்றால் ஒரு முளை அடியுங்கள்.

கயிறு 10 அடிக்குக் குறையக் கூடாது. வில் முறிந்தால் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகள் விறாந்தையில் நிற்கவே கூடாது.

ஆகஸ்ட் 19

இழுக்கிற முறை பற்றிக் கேட்டவர்களுக்கு. அம்பின் இழுப்பு 28 அங்குலம் என்றால் வில்லின் நீளம் 66 முதல் 68 அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள், பழகுகிறவருக்குப் பாதுகாப்பான அளவு. குறிவைத்த பலம் 40 இறாத்தல் என்றால் எந்தக் கட்டத்திலும் 40-க்கு மேல் இழுக்க வேண்டாம், வில் 15 அங்குலம்தான் வந்திருந்தாலும் சரி. அங்கே நிறுத்திச் சுரண்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். சுரண்டிய ஒவ்வொரு தரமும் 20, 30 முறை மெதுவாக இழுத்து விட்டபிறகே புதிய வளைவு தெரியும். சுரண்டிய உடனே பார்த்தால் பழைய வளைவையே காட்டும், இன்னும் சுரண்டுவீர்கள், வில் மெலிந்துவிடும்.

நான் சுரண்டுவதற்கும் இழுப்பதற்கும் இடையில் இரண்டு எட்டுத்தான் நகர்கிறேன். வைஸ் இந்த நுனியில், கம்பம் அந்த நுனியில். சுவருக்கும் மேசைக்கும் நடந்து திரிகிறவருக்கு இன்னொரு தரம் பார்க்கச் சோம்பல் வரும், அந்தச் சோம்பலில்தான் வில் முறிகிறது.

செப்டம்பர் 7

ஒரு கோயிலிலிருந்து வேட்டைத் திருவிழாவுக்கு வில் கேட்டிருக்கிறார்கள். சாமியின் கையில் வைப்பது, எய்யப் போவதில்லை. அதற்கு வளைவு பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் நான் பார்த்துத்தான் கொடுப்பேன். சாமிக்குக் கொடுக்கிற வில் அம்பு எய்யாத வில்லாக இருப்பது எனக்குச் சம்மதமில்லை.

இதைப் படித்துவிட்டு ஒருவர், செய்த வில்லைக் கோட்டைப் பக்கம் கொண்டுபோய்ப் பழகலாமா என்று கேட்கிறார். வேண்டவே வேண்டாம். பிரெடரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்களுக்குள் ஆட்களாகத் திரிகின்றன, கோயிலுக்குப் போகிற சனமும் அந்த வழிதான். 1937-ம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. நாம் செய்வது இலக்கைக் குறிபார்த்து எய்கிற வில், வேட்டைக்கு அல்ல. சொந்த வளவில், பின்னால் மண்மூட்டை அடுக்கி, அதற்குப் பின்னால் யாரும் வர முடியாத இடத்தில் எய்யுங்கள்.

அக்டோபர் 13

நேற்றுப் பூசைக்காக ஆயுதங்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து அடுக்கினோம். வருடத்தில் ஒரு தரமாவது பெட்டி முழுவதும் காலியாக வேண்டும், அதற்காகவே இந்த நாள் எனக்குப் பிடிக்கும். பெட்டியைப் பற்றி எழுத இதுதான் நேரம்.

என் பெட்டி 24 அங்குல நீளம், 12 அகலம், 10 உயரம். இந்த அளவு ஏன் என்றால் மேசையின் கீழ்ப்பலகையில் இரண்டு குறுக்குச்சட்டத்துக்கு இடையில் அசையாமல் உட்கார வேண்டும். அசைந்தால் பாரம் பாரமாக வேலை செய்யாது, இழுக்கும்போது பெட்டி தனியே வழுக்கும். அடியில் அரம், வைஸ், கிளாம்ப். பாரமானது கீழே. மேலே ஒரு தட்டு, அதில் சுரண்டுதகடு, பென்சில், அளவுகோல், தொங்குதராசு. இழுவைக் கத்தி மூடியின் உட்பக்கத்தில், அலகு ஒரு மரத் தவாளிப்புக்குள் புதைந்திருக்கும்படி. அரங்கள் ஒன்றோடொன்று உரசக் கூடாது, பல் மழுங்கும், ஒவ்வொன்றுக்கும் தனித் தவாளிப்பு.

இனித் துரு. இந்த ஊரில் இரும்பு வைத்திருப்பவர் எல்லாருக்கும் இது தெரியும். நேற்று வெளியே எடுத்தபோது துரு பிடித்திருந்தவை எவை தெரியுமா? தோல் உறைக்குள் இருந்தவையும் கம்பளித்துணி விரித்த தட்டில் இருந்தவையும். மரத் தவாளிப்பில் சும்மா கிடந்தவை சுத்தம். தோலும் துணியும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்து இரும்போடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கூர் காக்க உறை வேண்டும் என்றால் பயணத்தின்போது மட்டும் போடுங்கள், வந்ததும் கழற்றுங்கள்.

தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், நாளாக ஆகச் சிக்குப் பிடித்துப் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய், ஒரு துணியில் மெல்லிய துடைப்பு. வில்லைத் தொடுமுன் கையைத் துடையுங்கள், எண்ணெய் பட்ட மரத்தில் பசை பிடிக்காது.

அக்டோபர் 14

பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றி முதல் நாள் கேட்டதற்கு நான் நேரே பதில் சொல்லவில்லை. இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டி துருவுக்கு நல்லதுதான், உள்ளே போகிற நேரம் ஆயுதமும் காற்றும் காய்ந்திருந்தால். மழைநாளில் ஈரக்கையோடு போட்டு மூடினால் அந்த ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு இரவு குளிரும்போது இரும்பின் மேல் படியும். சிலிக்கா ஜெல் பை போட்டு, அதை மாதாமாதம் சூடாக்கிக் காய வைக்க ஒருவருக்குப் பொறுமை இருந்தால் பிளாஸ்டிக் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது இலேசு, மேசைக்குப் பாரம் தராது. என் தெரிவு பிளைவூட் பெட்டிதான்.

நவம்பர் 17

மழை. மேசை உள்ளே வந்துவிட்டது, கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில். 4 அடி என்று வைத்ததன் அருமை இப்போது தெரிகிறது.

தடிகளுக்கு ஒரு சூட்டுப்பெட்டி செய்திருக்கிறேன். 6 அடி நீளப் பிளைவூட் கூடு, அடியில் ஒரு குண்டு பல்பு, மேல் நுனியில் காற்றுப்போக இரண்டு துளை. 60 வாட் போதும். மரம் பல்பைத் தொடாமல் கம்பி வலை போடுங்கள், வீட்டில் ஆள் இல்லாத நேரம் கரண்டை நிறுத்துங்கள். முடித்த வில்லுக்கு வார்னிஷ் பூசியிருந்தாலும் ஈரம் உள்ளே போகும், மெதுவாகப் போகும், அவ்வளவுதான். மாரியில் வில் பலம் குறைந்து தெரிந்தால் சுரண்ட ஓடாதீர்கள், காயட்டும் பாருங்கள்.

மேசையின் உயரம் பற்றி ஒரு சேர்க்கை. மே மாதம் முழங்கை உயரம் என்றேன். இருந்து வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு, முழங்கால் நோவுள்ளவர்களுக்கு அது பொருந்தாது. ஒரு ஸ்டூல் போட்டு அமர்ந்து, அந்த நிலையில் முழங்கையை அளந்து, அதற்கேற்றபடி கால்களை இரண்டாவது சோடியாகச் செய்து வைத்துக்கொள்ளலாம். ஆப்பு மூட்டு என்பதால் காலை மட்டும் மாற்றினால் போதும். மிதிகயிறு அமர்ந்து செய்கிறவருக்கு இன்னும் நன்றாக வேலை செய்யும்.

டிசம்பர் 8

தம்பி மேசையை முடித்துவிட்டார், படம் அனுப்பியிருக்கிறார். ஆப்புகள் அழகாக வந்திருக்கின்றன. கீழ்ப்பலகை ஒன்றரை அங்குலம் உயரமாகப் போயிருக்கிறது, பாரம் தாழ இருப்பது நல்லது, ஆனால் அதற்காகக் கழற்ற வேண்டாம். இப்போது அவருடைய கேள்வி, நாண் கட்ட வேறு சட்டம் செய்ய வேண்டுமா என்று.

வேண்டாம். கம்பம் 6 அடி. அதைக் கழற்றி வளையின் மேல் நீளவாக்கில் படுக்க வைத்து, மிதிகயிற்றால் அல்லது கிளாம்பால் பிடியுங்கள். 66 அங்குல வில்லுக்கு நாண் மூன்று அங்குலம் குறைவு, ஆகவே 63 அங்குல இடைவெளியில் இரண்டு முளை. பி-50 டேக்ரோன் நூலை (நாணுக்கென்று விற்கிற பொலியெஸ்டர் நூல்) இரண்டு முளையையும் சுற்றி ஆறு சுற்று ஓட்டினால் பன்னிரண்டு இழை, 40 இறாத்தல் வில்லுக்குப் போதும். இரண்டு நுனியிலும் வளையம் வருகிற இடத்தில் மெழுகு பூசிய நூலால் நெருக்கிச் சுற்றுங்கள், நடுவில் அம்பு வைக்கிற இடத்திலும் ஓர் ஏழு அங்குலம். வேறு அளவு விற்களுக்காக முளைத் துளைகளை ஒவ்வோர் அங்குலமாகப் போட்டு வையுங்கள், ஆனால் சட்டத்தின் நடுக்கோட்டில் வேண்டாம், ஒரு விளிம்புப் பக்கமாகப் போடுங்கள். நடுவில் வரிசையாகத் துளை விழுந்தால் கம்பமாக நிமிர்த்தும்போது கவைக்குக் கீழே பலம் குறையும்.